40 விநாடி வீடியோவும் என் மூன்று வகுப்புகளும்

காலையிலிருந்து ஏழு பேர் அதே வீடியோவை அனுப்பிவிட்டீர்கள். "டீச்சர், இதப் பாத்தீங்களா?" பார்த்தேன். வகுப்பில் ஒரு டீச்சரம்மா மேசையைத் தட்டிக் கத்துகிறார், பையன் அழுகிறான். 40 விநாடி. அதற்கு முந்தைய 40 நிமிடத்தை யாரும் எடுக்கவில்லை.

கத்தியது சரி என்று சொல்ல வரவில்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் "அப்போ அடிக்கலாம்ங்கிறீங்களா?" என்று கீழே வரிசை கட்டுவீர்கள். அடிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு. மனசு நோகடிப்பதற்கும் அதில் தடைதான். சின்ன வயதில் நான் வாங்கிய புளியங்குச்சி அடி எனக்கே மறக்கவில்லை. ஆனால் பிரம்பைப் பிடுங்கிய கையில் வேறு என்ன கொடுத்தீர்கள்? ஒருநாள் பயிற்சி, ஒரு டீ, கொஞ்சம் மிக்சர்.

"முப்பது பேருக்கு ஒரு டீச்சர்தானே?" 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அதே சட்டம். வகுப்போ ஐந்து! எச்.எம்முக்கு நாலும் ஐந்தும், எனக்கு ஒன்று முதல் மூன்று வரை, ஒரே அறையில். படிப்பில் இருக்கிற நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கூட்டம். மொட்டுக்குக் கழித்தல் சொல்லித் திரும்பினால் அரும்பில் ஒருவன் பக்கத்தில் இருப்பவன் காதைக் கடிக்கிறான். காதைப் பார்க்கப் போனால் ஜன்னல் கம்பியில் ஒருத்தி தொங்குகிறாள். இதற்குள் பிள்ளைகள் விவரம் ஏற்றுகிற எமிஸ் ஆப் வேறு திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"அன்பா சொன்னா கேப்பாங்க." சொன்னவர் போன வாரக் கல்யாணப் பந்தியில் தன் ஒரே பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

"சம்பளம் வாங்குறீங்களே" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் ஒருவன் இருந்தான். பெஞ்சுக்கடியில் படுத்துக்கொண்டு சிங்கம் மாதிரி கத்துவான். நட்சத்திரம் ஒட்டினேன், லீடர் ஆக்கினேன், மடியில் கூட உட்கார வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை முடியாமல் போய் "எழுந்திரிச்சு வெளிய போடா" என்று கத்திவிட்டேன். போய்விட்டான். கேட் திறந்து கிடந்தது. செருப்பில்லாமல் ரோடு வரைக்கும் ஓடினேன். குடிதண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, "நீங்கதான டீச்சர் போகச் சொன்னீங்க" என்றான். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. அப்புறம் மணியடிக்கிற வேலையை அவனிடம் கொடுத்தேன். கத்தல் பாதியாகக் குறைந்தது. முழுசாக இல்லை, பாதிதான்.

அன்றைக்கு யாராவது போனைத் தூக்கியிருந்தால் உங்கள் ஏழு பேருக்கும் நான்தான் வந்து சேர்ந்திருப்பேன். என் தொண்டை கட்டி வருஷமாகிறது. "ஸ்கூல்ல பேசுற, வீட்ல மட்டும் சைகையா?" என்கிறாள் என் மகள். அதை எடுக்க ஆள் இல்லை.

எட்டாவதாக யாரும் அனுப்ப வேண்டாம். பிள்ளைமேல் அவ்வளவு அக்கறை உங்களுக்கு. அழுகிற அந்தப் பையன் முகத்தை மறைக்க வேண்டும் என்று ஏழு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.