பூ இல்லாம சொல்ல முடியாதுப்பா

அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும். பார்த்தாயிற்று. பையன் ஒரு சின்னச் செடியைக் காட்டிப் பெயர் கேட்கிறான். தாவரவியல் சொல்லித்தரும் மேடம் குனிந்து பார்க்கிறார், "பூ இல்லாம சொல்ல முடியாதுப்பா, அடுத்த மாசம் வந்து பாப்போம்" என்கிறார். பையன் போனை நீட்டுகிறான், செடியின் பெயர் சொல்லும் ஆப்பில் மூன்று நொடியில் பெயர் வந்துவிடுகிறது, பின்னணியில் வழக்கமான காமெடி பி.ஜி.எம். கீழே முதல் கமெண்ட், "இதுக்கா மாசம் லட்ச ரூபா?" அதற்கு எத்தனை ஹாஹா என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் பிரஷர் ஏறும்.

அந்த மேடம் யாரென்று எனக்குத் தெரியாது, எந்தக் கல்லூரி என்றும் தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரியும். "பூ இல்லாம சொல்ல முடியாது" என்கிற அந்த ஒரு வரிக்குத்தான் அவருக்குச் சம்பளம். மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சிரித்தவர்களில் ஒருவராவது போன் என்ன பெயர் சொன்னது என்று நிறுத்திப் படித்தீர்களா? நான் படித்தேன். "பில்லாந்தஸ் நிரூரி." கீழாநெல்லி. ஆஹா, கண்டுபிடித்துவிட்டது. ஒரே ஒரு சின்ன விஷயம். பில்லாந்தஸ் நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர் வரப்பில் தானாக முளைக்கிற செடி அது இல்லை. இந்தியப் புத்தகங்களில் பல காலம் அந்தப் பெயரை நம் செடிகளுக்கு மாட்டி வைத்திருந்தார்கள். 1950களில் வெப்ஸ்டர் என்கிற தாவரவியலாளர் உட்கார்ந்து பிரித்துச் சொன்ன பிறகுதான் நாம் நிரூரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அமாரஸ், பிராட்டெர்னஸ், டெபிலிஸ் என்று பல செடிகள் என்பது தெளிவானது. அரை நூற்றாண்டுக்கு முன்பே திருத்திய தவறைத்தான் போன் மூன்று நொடியில் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மேடம் அதைச் செய்யவில்லை. அதனால் அவர் கோமாளி.

வீடியோவில் இருப்பது விரல் நீளக் கன்று. பக்கக் கிளை கூட ஒழுங்காக வரவில்லை. இந்த வயதில் கீழாநெல்லிக் கூட்டம் மொத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பூ வந்ததும் என்ன பார்ப்போம் தெரியுமா? பூவே இரண்டு மில்லிமீட்டர்தான், பத்து மடங்கு கை லென்ஸ் வேண்டும். இதழ் ஐந்தா ஆறா என்று முதலில் எண்ண வேண்டும். ஐந்து என்றால் அமாரஸ் பக்கம் போகலாம். அதிலும் ஒரே இலைக்கக்கத்தில் ஆண் பூ ஒன்றும் பெண் பூ ஒன்றும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு என்றால் மற்றவை. காயைத் திருப்பிப் பார்த்தால், காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டிக்கொண்டு மேலே சொரசொரவென்று இருந்தால் யூரினேரியா, நம் ஆட்கள் சிவப்புக் கீழாநெல்லி என்பது. பிறகு காயை உடைத்து விதையைப் பார்க்க வேண்டும். விதையின் முதுகில் நீளவாக்கில் வரி ஓடினால் அமாரஸோ அதன் நெருங்கிய சொந்தமோ, குறுக்கே ஓடினால் யூரினேரியா, வரிசை வரிசையாகப் புள்ளி வைத்த மாதிரி இருந்தால் மேலாநெல்லி, அதாவது மெடராஸ்படென்சிஸ். இதில் எது அந்தக் கன்றில் இருந்தது? பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. இலையை மட்டும் வைத்துக்கொண்டு "கீழாநெல்லிதான்ப்பா" என்று அடித்து விட்டிருக்கலாம். பையன்கள் கை தட்டியிருப்பார்கள். அவர் அடித்து விடவில்லை.

"எதுவா இருந்தா என்ன சார், எல்லாம் கீழாநெல்லிதானே" என்று ஒருவர் இன்பாக்ஸில். சார், மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் குடிக்கிறீர்களே, அது எது என்று தெரிய வேண்டாமா? 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு பில்லாந்தஸ் அமாரஸ் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. ஏன் வரவில்லை என்ற விவாதத்தில் வந்த கேள்விகளில் ஒன்று, எல்லோரும் கொடுத்தது ஒரே மாதிரிச் செடிதானா என்பது. நாட்டு மருந்துக் கடைக் கட்டைப் பிரித்து உதறிப் பாருங்கள், ஒரே கட்டில் மூன்று சாதி கிடக்கும். பிடுங்குகிறவருக்குக் கூலி எடைக்கு. அவர் விதையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். யாராவது ஒருவர் பார்க்கத்தான் வேண்டும்.

அந்த யாராவதுதான் தாவரவியல் பேராசிரியர்.

"அப்போ ஆப் எல்லாம் வேஸ்டா?" இல்லை. செம்பருத்தி, அரளி, சரக்கொன்றை, தோட்டத்தில் வைக்கிற குரோட்டன்ஸ், இதிலெல்லாம் நன்றாகவே சொல்கிறது. நானும் வைத்திருக்கிறேன். புல், கோரை, அம்மான் பச்சரிசி என்று போனால் தடுமாறும். காரணம் எளிது. யாரோ பெயர் எழுதிப் போட்ட படத்தைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது. பெயர் தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே கற்றுக்கொள்ளும். சரியாக எழுத வேண்டுமானால் பூவைப் பிரித்துப் பார்த்த ஆள் ஒருவர் வேண்டும். சென்னை மாகாணத் தாவரங்களுக்கு கேம்பிள் என்கிற தாவரவியலாளர் எழுதிய நூல் வெளிவர ஆரம்பித்தது 1915இல். 1925இல் அவர் இறந்துபோக, பிஷர் தொடர்ந்து 1936இல் முடித்தார். எம்.எஸ்சி. மாணவர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். அதில் கீயை, அதாவது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுச் செடியின் பெயருக்குக் கொண்டுபோகிற பட்டியலை, திறந்தால் இதழ் தனித்தனியா ஒட்டியதா, சூலகம் மேலா கீழா, மகரந்தத் தாள் எத்தனை என்று பூவைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கும். பூ இல்லாமல் கேம்பிளிடம் போனால் கேம்பிளும் அந்த மேடம் சொன்னதைத்தான் சொல்வார். அவரையும் வீடியோ எடுத்துப் போடுங்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன், அதில்தானே எல்லோருக்கும் எரிகிறது. ஏழாவது ஊதியக் குழுவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அதை வாங்க எம்.எஸ்சி., நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, பெரும்பாலும் அதற்கு மேல் பிஎச்.டி. இதெல்லாம் முடித்து நிரந்தர வேலை வரும்போது பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும். நிரந்தரம் வராதவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரிலேயே கௌரவம் இருப்பதால் சம்பளத்தில் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள் போல. வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019இல் சொன்னது. அதில் எவ்வளவு கைக்கு வருகிறது என்று உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து லட்ச ரூபாய் கமெண்டைப் போடுங்கள்.

"வாரத்துக்கு 16 மணி நேரம்தானே வேலை" என்று ஒரு புத்திசாலி. பதினாறு என்பது வகுப்பறையில் நிற்கிற நேரம். ஒரே ஒரு பிராக்டிகலைச் சொல்கிறேன், வெங்காய வேர் நுனியில் மைட்டாசிஸ், அதாவது செல் பிரிவதைப் பார்ப்பது. எல்லோரும் செய்திருப்பீர்கள், மறந்தும் இருப்பீர்கள். மூன்று நாள் முன்பே வெங்காயத்தின் காய்ந்த வேரைச் சுரண்டிவிட்டு, அடி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பாட்டில் வாயில் உட்கார வைக்க வேண்டும். முங்கினால் அழுகும், தொடாவிட்டால் வேர் வராது. இரண்டு பேட்சுக்கு இருபது வெங்காயம் வைத்தால் பன்னிரண்டுதான் உருப்படும். வேர் ஒன்றரை சென்டிமீட்டர் வந்ததும் காலையிலேயே நுனியை வெட்டி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் 24 மணி நேரம். சாவகாசமாக மதியம் வந்து வெட்டினால் பிரிகிற செல் குறைவாகத்தான் கிடைக்கும். ஸ்லைடு முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிற செல்லாக இருக்கும், பையன் புத்தகத்தைப் பார்த்து அனாபேஸ் என்கிற பிரிவுக் கட்டத்தை வரைந்துவிடுவான். அடுத்து 1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் சில நிமிஷம். குறைந்தால் செல் பிரியாமல் அடுக்கடுக்காக நிற்கும், கூடினால் கூழாகும். அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு, கடைசி இரண்டு மில்லிமீட்டர் மட்டும், கவர் ஸ்லிப், மேலே பிளாட்டிங் பேப்பர், பென்சிலின் பின்பக்கத்தால் தட்டு, கட்டை விரலால் ஒரே அழுத்து. அழுத்தும்போது பக்கவாட்டில் நகர்ந்தால் போச்சு, குரோமோசோம் எல்லாம் உருண்டு கயிறாகிவிடும். விளக்கில் காட்டும்போது கொதித்தால் சாயம் காய்ந்துவிடும். ஐம்பது பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். மைக்ராஸ்கோப் எட்டு இருக்கும், அதில் ஆறு வேலை செய்யும். லேப் அட்டெண்டர் ஓய்வு பெற்ற இடத்துக்கு ஆள் போடவில்லை என்றால் அந்த மூன்று நாள் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற்றுவது யார்? பேராசிரியர்தான். அது அந்தப் பதினாறில் வராது.

இப்போது நீங்கள் கேட்கப் போவது தெரியும். "எல்லாப் பேராசிரியரும் இப்படியா? முப்பது வருஷ நோட்ஸை வாசிக்கிறவர் இல்லையா? ரெக்கார்டில் கையெழுத்துக்கு அலைய விடுகிறவர் இல்லையா?" இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி வேறொரு நாள் எழுதுவேன், அன்றைக்கு ஆள் வராது. இன்றைக்குப் பேசுவது பூ வேண்டும் என்று கேட்ட ஒருவரைப் பற்றி.

"சரி, பாட்டனி வாத்தியார்கள் கல்லூரியில் உட்கார்ந்து என்ன சாதித்தார்கள்" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தம்பி, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் எடுத்த ஜானகி அம்மாள் கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோமை எண்ணியவர். எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னை மாநிலக் கல்லூரி வாத்தியார். ஈர மண்ணில் வளர்கிற ஒரு பாசிக்கு 1932இல் பிரிட்சியெல்லா என்று பெயர் வைத்தார், நீர்ச் செடி எப்படி நிலத்துக்கு ஏறியது என்று பாடம் நடத்தும்போது இன்றும் அது வரும். மேத்யூ பாதிரியார் 1967இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ஒரு ஹெர்பேரியம், அதாவது உலர்த்தி அட்டையில் ஒட்டிய செடிகளின் காப்பகம், தொடங்கினார், தனக்கு முன்னால் அங்கே பாட்டனி நடத்திய ரேப்பினட் பாதிரியார் பெயரில். ஒவ்வொரு மாவட்டமாக நடந்து, தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் அதையொட்டிய குன்றுகளுக்கும் ஒரு தாவரத் தொகுப்பு நூல், பிறகு 1999இல் பழனி மலைக்குத் தனியாக. எல்லாம் பூவோடு எடுத்த செடி. பூ இல்லாத நேரத்தில் போனால், பூக்கிற நேரத்தில் மறுபடி போக வேண்டும். அவ்வளவுதான் முறை.

அந்த ஹெர்பேரியம் என்கிற சமாச்சாரத்தில்தான் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. ஒரு ஷீட் என்பது 42க்கு 28 சென்டிமீட்டர் அட்டை, அவ்வளவே. ஆனால் அதில் செடி வந்து ஒட்ட ஒரு வாரம் பத்து நாள். பேப்பருக்கு நடுவில் பரப்பும்போதே ஓரிரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரிய வைக்க வேண்டும். 24 மணி நேரத்தில் பேப்பர் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலமென்றால் தினமும். பிரண்டை மாதிரிச் சதைப்பற்றான செடியைக் கொதிநீரில் முக்கிக் கொன்றுவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தியிருக்கும்போதே துளிர் விடும். லேபிளில் இடம், தேதி, எண், உயரம், முக்கியமாகப் பூவின் நிறம், ஏனென்றால் காய்ந்த பிறகு எல்லாப் பூவும் பழுப்புதான். முன்பெல்லாம் பூச்சி அரிக்காமல் இருக்க மெர்க்குரிக் குளோரைடில் முக்குவார்கள். அது விஷம், பழைய ஷீட்டை இன்றைக்கும் வெறுங்கையால் தொடக் கூடாது.

ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், ஸ்மார்ட் வகுப்பறைக்கு இடம் வேண்டுமென்று ஹெர்பேரியம் பீரோக்களை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். ஐப்பசி மழை சாரலடித்தது. பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தபோது கீழ்த் தட்டு இரண்டும் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன, மேல் தட்டில் சிகரெட் வண்டு துளைத்துப் பொடி கொட்டியிருந்தது. கட்டியாகிப் போனதில் ஒன்று ஒரு குளத்தில் எடுத்த செடி. அந்த இடத்தில் இன்று குளமே இல்லை, செடி எங்கிருந்து வரும்? வெள்ளைப் பூ என்று ஒரு மனிதர் பென்சிலில் எழுதிவைத்த லேபிள் மட்டும் மிச்சம். அப்போது யாரும் வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பி.ஜி.எம். என்ன போட்டிருப்பீர்கள்?

ஷீட் ஒட்டுவதற்குப் பதவி உயர்வில் பாயிண்ட் கிடையாது. ஆய்விதழில் பேப்பர் போட்டால் உண்டு. ஒரு மலையை ஐந்து வருஷம் ஏறி இறங்கி ஒரு பட்டியல் எழுதினாலும் ஒரு பேப்பர்தான், இலைச்சாற்றை எடுத்து நான்கு பாக்டீரியாவின் மேல் ஊற்றி நான்கு பேப்பர் எழுதினாலும் பேப்பர்தான். பிறகு பிள்ளைகளுக்குப் புல்லின் பெயர் சொல்ல ஆள் எங்கிருந்து வருவார்? இருக்கிற கொஞ்சம் பேரில் ஒருவர் வெயிலில் குனிந்து "பூ வேண்டும்" என்றால் அதற்கு ஹாஹா. கோபத்தில் விஷயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. அழிக்கப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. வீடியோவின் கடைசி நொடியை மறுபடி பாருங்கள். பையன் சிரித்துக்கொண்டே கேமராவைத் திருப்புகிறான், ஓரத்தில் மேடத்தின் கை மட்டும் தெரிகிறது. அவர் செடியைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் துண்டுக் காகிதம் ஒன்றைச் சொருகிக்கொண்டிருக்கிறார்.

வீடியோ எடுத்த தம்பி இதைப் படித்தால், அந்தக் குச்சி இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல். கீழாநெல்லிக் கூட்டம் சீக்கிரம் பூக்கும், இந்நேரம் வந்திருக்கலாம். கிளையைத் திருப்பினால் இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும். லென்ஸ் இல்லையென்றால் போன் கேமராவை ஜூம் செய்து இதழை எண்ணு. எண்ணிவிட்டு மேடத்திடம் போய்ச் சொல்.