எட்டு நிமிசத்துக்கு இவ்வளவு செலவா?
சின்ன விமானம் வாங்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டு பறக்கும்போதே இலைகளின் கோணம் மாறுகிற கொன்ஸ்ரன்ற் ஸ்பீட் புரொப்பெல்லருக்கே போகலாம், எரிபொருளிலேயே காசு திரும்பிவிடும் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்னொரு வாசகர் எழுதினதுபோல, இலைக்கோணம் மாறாத பிக்ஸ்ட் பிட்ச் ஒரே கியரில் ஓடுகிற வண்டிதான், மறுக்கவில்லை. அப்படியான செஸ்னா 172இல் நின்ற நிலையில் வலுவைக் கூட்டுகிற திரொட்டிலை முழுக்கத் தள்ளினாலும் 2300, 2400 ஆர்.பி.எம்.மோடு (நிமிசத்துக்கு இத்தனை சுற்று) நின்றுவிடும், 2700இல் வருகிற முழு வலு அந்த நேரம் கிடைக்காது. ஆனால் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி நேர்கோட்டில் சுமார் 330 கிலோமீற்றர். வேகத்தை 110 நொட்டிலிருந்து (ஒரு நொட் மணிக்கு சுமார் 1.85 கிலோமீற்றர்) 120 ஆக்கினாலும் மிச்சம் எட்டு நிமிசம்தான்! அதுக்காக ஒயில் அழுத்தத்தால் கோணத்தை மாற்றுகிற கவர்னர், இலைகளைப் பிடித்திருக்கிற ஹப், ஒயில் கசியாமல் தடுக்கிற சீல் என்று எத்தனை சாமான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்தாறு வருசத்துக்கு ஒருக்கால் பிரித்து ஓவர்ஹோல் செய்யவேணும். பலாலி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற இடத்தில் வெளியில் நிறுத்தினால் சொல்லவே வேண்டாம். சீல் கசிந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன், முன்கண்ணாடி முழுக்க மயிரிழை மாதிரி ஒயில் கோடுகள். 230 குதிரைவலு உள்ள செஸ்னா 182க்கு கொன்ஸ்ரன்ற் ஸ்பீட் வேணும்தான். 172க்கு ஏற்றம் போதாவிட்டால் 57 அங்குல பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறுகிற தூரம்) உள்ள புரொப்பெல்லரைக் கழற்றி 53 போடலாம், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த வழியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.