தெருவுக்கு வந்தால்தான் கவுன்சில் உதவுமா?

“வீட்டை விட்டுத் துரத்திய பிறகுதான் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) உதவும், பிள்ளை இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்ற பேச்சு இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்போரிடையே உலவுகிறது. தவறு. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடு பறிபோகும் என்ற நிலை வந்தாலே கவுன்சில் அதிகாரி தடுப்பு வேலையில் இறங்கியாக வேண்டும். விசா நிலையைப் பார்ப்பார்கள். பிள்ளை உண்டா என்பது இந்தக் கட்டத்தில் தடையே அல்ல. வாடகைப் பாக்கி பற்றி வீட்டுக்காரரிடம் பேசுவது, புது வீட்டின் முன்பணத்துக்கு வழி பார்ப்பது என்று உங்கள் நிலைமைக்கேற்ற திட்டத்தை எழுத்தில் தர வேண்டும். வீடு போய்விட்டாலும், வேறு இடம் தேட வழக்கமாக 56 நாட்கள் உதவுவார்கள். தற்காலிகத் தங்குமிடம்தான் எல்லோருக்கும் கிடைக்காது. பிள்ளைகள், கர்ப்பம் போன்ற முன்னுரிமை அங்கேதான் வருகிறது. அந்த ஒரு விதியை எடுத்து எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டார்கள், புண்ணியவான்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கைக்கு வந்ததும் கவுன்சிலுக்குப் போங்கள். வெளியேற்ற நீதிமன்ற அமீனா வரும்வரை காத்திருக்க வேண்டாம்.