ஒத்திகை பார்க்காதது ஒரு குற்றமா?

அந்தப் பின்னூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வரப்போகிற ஜாஸ் கச்சேரிகளுக்கான அறிவிப்புக்குக் கீழே, "ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு விருந்தாளி வருவாராம், பேர் தெரியாத மூணு பேரோட வாசிப்பாராம். ஒழுங்கா ஒத்திகைகூடப் பார்க்காதவங்களுக்கு எதுக்கு டிக்கெட்?" என்று எழுதியிருந்தார்களே, அதுதான். அதற்கு எத்தனை சிரிப்புக்குறிகள்! பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

ஒத்திகை பார்க்காமல் மேடையேறுவது சோம்பேறித்தனம் என்று யார் சொன்னது? பன்னிரண்டு 'பார்' (தாளத்தின் ஒரு சுற்று) கொண்ட புளூஸ், முப்பத்திரண்டு பார் பாட்டு என்று ஜாஸ் கலைஞர்கள் எல்லோருக்கும் பொதுவான கட்டமைப்புகள் இருக்கின்றன. அவை ஊறிப்போன நான்கு பேர் எந்தச் சுருதி, என்ன வேகம் என்று பேசிக்கொண்டால் போதும், வாசிக்கத் தொடங்கிவிடலாம். அந்த ஊறலுக்குப் பின்னால் எத்தனை வருடச் சாதகம் இருக்கிறது!

இது நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து வாசிப்பதற்கு இருந்த தொழிற்சங்கக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, 1961இல் சாக்ஸபோன் கலைஞர் ஸூட் சிம்ஸ் அமெரிக்காவிலிருந்து லண்டனின் ரானி ஸ்காட்ஸ் கிளப்புக்கு வந்து வாசித்தார். பதிலுக்கு இங்கிலாந்தின் சாக்ஸபோன் கலைஞர் டபி ஹேய்ஸ் நியூயார்க் போனார். அதற்கப்புறம் ரானி ஸ்காட்ஸுக்கு வந்துபோன விருந்தாளிகள் பலருக்குப் பியானோ வாசித்தவர் ஸ்டான் டிரேசி. 1967 வரை அந்த கிளப்பின் பியானோ அவருடையதுதான். கோபன்ஹேகனின் மான்மார்த்ர் கிளப்பில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டனுக்குப் பின்னால் நின்று, பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசித்த நீல்ஸ்-ஹென்னிங்குக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அவர்களையும் "பேர் தெரியாதவங்க" என்று சொல்லியிருப்பீர்களோ?

போன வருடம் இப்படி ஒரு கச்சேரியில் டிரம்ஸுக்குப் பக்கத்திலேயே எனக்கு இடம் கிடைத்தது. முதல் எட்டு பாரை வாசித்ததும் அதைத் திரும்ப வாசிக்க வேண்டிய விருந்தாளி, நேராகப் பாட்டின் நடுப்பகுதியான பிரிட்ஜுக்குத் தாவிவிட்டார். பியானோக்காரரின் இடது கை பாதியில் நின்றது. பேஸ்காரர் ஏறிட்டுப் பார்த்தார், அதற்குள் அவர் விரல் அந்தப் பகுதிக்கான புதிய சுரக்கூட்டுக்கு இறங்கிவிட்டது. டிரம்மர் ஒரே ஒரு சிம்பல் அடியில் மூவரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எதுவும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் விருந்தாளி பேஸ்காரர் பக்கம் திரும்பி நெஞ்சில் கைவைத்தார். எந்த ஒத்திகையில் இதற்குப் பயிற்சி எடுக்க முடியும்?

"பல காலம் சேர்ந்து வாசித்த குழுதானே உசத்தி? பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் வாசித்ததைக் கேட்டதில்லையா?" என்று யாராவது வருவீர்கள். கேட்டிருக்கிறேன், அந்தப் பதிவுக்கு முன்னால் எனக்கு வாயே எழாது. ஆனால் இங்கே வாசிக்கப்போகிற அந்த மூன்று பேரும் வருடக்கணக்காகச் சேர்ந்து வாசிப்பவர்கள்தானே! புதிதாக வருபவர் ஒருவர்தான். மூச்சுக்கூட ஒன்றாக விடும் மூவருக்கு நடுவே அவர் வந்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதைக் கேட்கத்தான் நான் போகிறேன்.

எல்லாத் தடவையும் நன்றாக அமையுமா? அமையாது. விருந்தாளி தன் பாட்டுக்கு வாசித்துவிட்டுப் போக, மற்றவர்கள் வெறுமனே தாளம் பிடித்த இரவுகளும் உண்டு. அதற்காகக் கச்சேரியே வேண்டாம் என்பீர்களா? பதினாறு பதினேழு பேர் வாசிக்கும் பிக் பேண்டுக்கு ஒத்திகை வேண்டும், சரி. அது வேறு வகை.

எனக்கு உண்மையில் வலித்தது "பேர் தெரியாத மூணு பேர்" என்ற வார்த்தைதான். அந்த மூவரில் ஒருவர் என் நண்பர். விருந்தாளி அனுப்பிய பாட்டுகளை ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகுகிறவர். அந்தப் பின்னூட்டத்தை அவரும் பார்த்திருக்கிறார். "விடுங்க, பழகிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். ஏன் பழக வேண்டும்? போஸ்டரிலும் விருந்தாளி பேர்தான் பெரிதாக இருக்கிறது, அந்த மூன்று பேர்களைக் கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஏற்பாட்டாளர்களே, அடுத்த போஸ்டரிலாவது நான்கு பேர்களையும் ஒரே அளவில் போடுங்கள்.

பின்னூட்டம் போட்டவர் முதல் கச்சேரிக்கு வரட்டும். விருந்தாளியை விட்டுவிட்டு ஒரு பாட்டு முழுக்க பேஸை மட்டும் கேட்கட்டும். அப்புறம் என்ன எழுதினாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.