மறுபடி குடித்துவிட்டார் என்பதற்காகப் பெயரை அடிக்காதீர்கள்

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். எங்காவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், சில மாதம் கழித்து ஆள் சரியாகி வந்துவிடுவார். ராத்திரி நிம்மதியாகத் தூங்கியே வருடக்கணக்கான குடும்பங்கள் அப்படி நினைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நிறையப் பேருக்குத் தேவைப்படுவது வீட்டுக்குப் பக்கத்திலேயே, வேலை முடிந்து மாலையில் போய்வரக்கூடிய ஒரு வெளிநோயாளி மையம்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த மையம், மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்பவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

எல்லோருக்கும் இது மட்டும் போதும் என்று சொல்லவில்லை. பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். சில வகைத் தூக்க மாத்திரைகளை நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆகவே வைராக்கியமாக இரு என்று சொல்லி வீட்டில் பூட்டிவைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் முதல் சில நாட்கள் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும்.

சரி, உடம்பு தெளிந்துவிட்டது. அப்புறம்தான் உண்மையான பாடே தொடங்குகிறது. உள்ளே இருந்தவரை பழைய கூட்டாளி இல்லை, சம்பள நாள் இல்லை, வீட்டுச் சண்டை இல்லை. வெளியே வந்ததும் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுப்பவருக்கு இவை எல்லாம் சிகிச்சையின் நடுவிலேயே வந்துபோகின்றன. நேற்று மாலை எந்த வழியாக வீட்டுக்குப் போனீர்கள், யார் போனில் கூப்பிட்டார்கள், எந்த நேரத்தில் மனம் அலைந்தது என்று ஆலோசகர் இன்றைக்கே கேட்க முடியும். அடுத்த சம்பள நாளில் பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதையும் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய முடியும்.

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவர்களுக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவற்றை எடுப்பவர்களிடையே சாவு குறைகிறது என்பது திரும்பத் திரும்ப நிரூபணமான விஷயம். அப்படியும் ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நாக்குக்கு அடியில் புப்ரினார்ஃபின் மாத்திரையை வைத்துக்கொண்டு, கரையும்வரை ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கரைந்ததும் நர்ஸிடம் நாக்கைத் தூக்கிக் காட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இதில் போதை எங்கே இருக்கிறது? மதுவுக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மருந்துகள் உண்டு. பல குடும்பங்கள் அவற்றின் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

மறுபடி பழக்கத்துக்குப் போவதைப் பற்றி 2000இல் தாமஸ் மெக்லெல்லனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்கிறது அது. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய் மீண்டும் தலைதூக்குவதும் ஏறக்குறைய இதே அளவில்தான். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது என்று வருபவரை எந்த டாக்டராவது திட்டி வெளியே அனுப்புவாரா? ஆனால் குடித்துவிட்டார் என்று தெரிந்ததும் விதியை மீறிவிட்டீர்கள் என்று பெயரை அடித்துவிடும் மையங்கள் இருக்கின்றன. ஹெராயின் எடுத்தவரிடம் இப்படி நடந்துகொள்வது இன்னும் கொடுமை. சில வாரம் நிறுத்தியிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய நினைப்பில் அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். எந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமோ, அந்த நேரத்தில் கையை விடுகிறார்கள்.

இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களும் மையத்தில் உட்கார்ந்து பேச ஒரு நேரம் வேண்டும். தினமும் சட்டைப்பையைத் துழாவும் மனைவிக்கும், வாயை ஊதச் சொல்லும் அம்மாவுக்கும் யாராவது காது கொடுக்க வேண்டாமா?

யாரையாவது அழைத்துப் போகப் போகிறீர்கள் என்றால், அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாலையில் வரலாமா, டாக்டர் எந்த நாட்களில் இருப்பார், திடீரென்று வலிப்பு வந்தால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.