11 வெற்றி, பட்டம் அடுத்தவருக்கு

பைக் ரேஸ் உலக சாம்பியன்ஷிப்பான மோட்டோஜிபியின் 2024 சீசன் எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் நண்பர்கள் குழுவில் அதைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை. அந்த வருடம் நடந்த 20 ஞாயிறு ரேஸ்களில் பெக்கோ பன்யாயா 11 ஜெயித்தார். ஹோர்ஹே மார்ட்டின் ஜெயித்தது 3. ஆனால் பட்டம் மார்ட்டினுக்கு, 508 புள்ளிக்கு 498 என்ற கணக்கில். "பாதிக்கு மேல ஜெயிச்சவன் ரெண்டாவது, மூணு ஜெயிச்சவன் சாம்பியனா?" என்று யாராவது ஒருத்தர் கிளப்பிவிட்டால் அன்றைய ராத்திரித் தூக்கம் அவ்வளவுதான்.

நானும் முதலில் அந்தக் கட்சிதான். ஜெயிக்கிறவன்தானே சாம்பியன், மற்றதெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை என்று வாதாடியிருக்கிறேன். இப்போது கட்சி மாறிவிட்டேன். ஏன் மாறினேன் என்று இங்கே எழுதிவைத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் தொண்டை வற்றப் பேச வேண்டியதில்லை.

ஒரு வளைவிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2024 மே மாதம், பார்சிலோனா, சனிக்கிழமை ஸ்பிரிண்ட், அதாவது ஞாயிறு ரேஸுக்கு முந்தின நாள் நடக்கும் குட்டி ரேஸ். அன்று யார் முன்னால் போனாலும் ஆகவில்லை. ரவுல் ஃபெர்னாண்டஸ் முன்னால் போனார், விழுந்தார். பிராட் பிண்டர் முன்னால் வந்தார், அவரும் விழுந்தார். மூன்றாவதாக முன்னிலை பன்யாயா கைக்கு வந்தது. கடைசி லேப். ஐந்தாவது வளைவு, இடதுபக்கம் திரும்புவது. அந்தத் தடத்தில் வலது வளைவுகள்தான் அதிகம், அதனால் டயரின் இடதுபக்கம் சூடு குறைந்தே இருக்கும். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே பைக்கைச் சாய்க்கிறார். கைப்பிடி ஒரு நொடி உள்பக்கம் மடங்குகிறது. முன்சக்கரம் வாரிவிட்டது. பைக் ஒரு பக்கம் சறுக்கிக்கொண்டு போக, மனிதர் அதன் பின்னாலேயே சரளைக்கல்லில் போய் விழுந்தார்.

ஸ்பிரிண்ட் வெற்றிக்கு 12 புள்ளி. நவம்பரில் அவர் பட்டத்தைத் தவறவிட்டது 10 புள்ளியில்.

மறுநாள் அதே ஐந்தாவது வளைவில் மார்ட்டினை முந்தி ரேஸை ஜெயித்தார். அதைப் பார்த்துவிட்டு நான் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் சனிக்கிழமை சரளைக்கல்லில் கொட்டிய 12 புள்ளி திரும்பி வரவில்லை. அப்புறம் சில்வர்ஸ்டோன் ஸ்பிரிண்டில் விழுந்தார், செபாங் ஸ்பிரிண்டில் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மூன்று பூஜ்ஜியம். அதில் இரண்டு, அண்ணன் தம்பி இருவரோடும் மோதியதால் வந்தவை: போர்ச்சுகலில் மார்க் மார்க்கெஸ், அரகோனில் அலெக்ஸ் மார்க்கெஸ். தப்பு யார்மேல் என்பது வேறு சண்டை. அட்டவணையில் விழுவது பூஜ்ஜியம்தான்.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் பார்ப்போம். 1993-லிருந்து ஞாயிறு ரேஸில் முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16. அப்படியே இறங்கி 15-ஆம் இடத்துக்கு 1. அதாவது உங்கள் போட்டியாளர் உங்களுக்குப் பின்னாலேயே இரண்டாவதாக வந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு வெற்றிக்கும் நீங்கள் அவரைவிட்டு விலகுவது வெறும் 5 புள்ளி. நீங்கள் ஒருநாள் விழுந்து அவர் ஜெயித்துவிட்டால் ஒரே மத்தியானத்தில் 25 போய்விடும். ஐந்து ஞாயிறு உழைத்துச் சேர்த்தது ஒரு சறுக்கலில் காலி.

"அப்போ அட்டவணைதான் கோளாறு. வெற்றிக்கு நாற்பது கொடு, யார் நிஜமான ஆள்னு தெரியும்" என்பார் எங்கள் குழுவிலேயே சத்தமாகப் பேசும் ஒருவர். எனக்கு இதில் உடன்பாடில்லை. கார் ரேஸில் தப்புச் செய்தால் சுழன்று நின்று, திரும்ப ஓட்டிக்கொண்டு போக வாய்ப்புண்டு. பைக்கில் அறுபது டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும்போது உங்களுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது உள்ளங்கையளவு ரப்பர். அது பிடியை விட்டால் ஆளும் சேர்ந்துதான் விழ வேண்டும். விழாமல் வருவது இந்த விளையாட்டில் ஓரமாக நிற்கும் விஷயமில்லை, விளையாட்டே அதுதான். வெற்றிக்கு இன்னும் அள்ளிக் கொடுத்தால் இன்னும் நாலு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அவ்வளவுதான் மாறும்.

சரி, மார்ட்டினுக்கு வருவோம். அவர் ஒன்றும் பிறவியிலேயே நிதானமான ஆள் இல்லை. அதே 2024-ல் ஹெரெஸில் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது விழுந்தார். ஜூலையில் சாக்சன்ரிங்கில் இரண்டே லேப் மிச்சமிருக்க, முன்னிலையில் இருந்தபடி முதல் வளைவில் விழுந்தார். ரேஸும் புள்ளிப் பட்டியல் முன்னிலையும் பன்யாயா மடியில் போய் விழுந்தன. அன்றைக்கு எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இவன் வேகமானவன், ஆனால் சாம்பியன் ஆகமாட்டான்.

அதற்குப் பிறகு வந்த 11 ஞாயிறுகளை எடுத்துப் பாருங்கள். எட்டு முறை இரண்டாமிடம். ஒரு வெற்றி, ஒரு மூன்றாமிடம். மிசானோவில் மட்டும் தூறலைப் பார்த்துப் பதறி மழை டயர் போட்ட பைக்குக்கு மாறி, 15-ஆவதாக வந்தார். ஞாயிறு ரேஸ் எதிலும் விழவில்லை. செபாங்கில் முதல் சில லேப்களில் அவரும் பன்யாயாவும் மாறி மாறி முந்திக்கொண்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பயந்தவன் ஓட்டிய ஓட்டம் இல்லை. முந்த முடியும் என்று காட்டினார், இடித்துப் பார்த்தார். இன்றைக்கு பன்யாயாவிடம் கூடுதலாக ஏதோ இருக்கிறது என்று புரிந்ததும் விட்டுவிட்டு 20 புள்ளியை வாங்கிக்கொண்டார். அந்த "விட்டுவிட்டு" இருக்கிறதே, அதுதான் என்னைக் கட்சி மாற்றியது. ஜெயித்துக்கொண்டே இருப்பவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பன்யாயாவின் சனிக்கிழமைகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆக, நான் இப்போது பார்ப்பது ஒருவர் ஜெயித்த நாட்களை அல்ல. ஜெயிக்க முடியாத நாட்களில் என்ன செய்தார் என்று பார்க்கிறேன்.

2013 அசென் ரேஸ் ஞாபகமிருக்கிறதா? அப்போதைய நடப்புச் சாம்பியன் ஹோர்ஹே லொரென்சோ வியாழக்கிழமை மழையில் நடந்த பயிற்சியில் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டார். இரவோடு இரவாக பார்சிலோனாவுக்குப் பறந்து, தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு, திரும்பி வந்து சனிக்கிழமை ரேஸ் ஓட்டினார். வந்தது ஐந்தாமிடம், 11 புள்ளி. அந்த வருடம் 8 ரேஸ் ஜெயித்தும் 6 ஜெயித்த மார்க் மார்க்கெஸிடம் நாலே புள்ளியில் பட்டத்தை இழந்தார். அந்த எட்டு வெற்றிகளில் பாதி எனக்கு மறந்தே போய்விட்டது. அந்த ஐந்தாமிடம் மறக்காது. (அடுத்து சாக்சன்ரிங்கில் பயிற்சியிலேயே அதே தோளில் விழுந்து ரேஸையே விட்டார், அது தனிச் சோகம்.)

மார்க்கெஸ் என்றதும் என் வாதத்துக்கே எதிராக ஓர் ஆள் நிற்பதுபோலத் தெரியும். அவர்தான் எப்போதும் எல்லையைத் தாண்டி ஓட்டுபவர் ஆயிற்றே? 2019-ஐப் பாருங்கள். 19 ரேஸ், 12 வெற்றி, 6 இரண்டாமிடம், ஆஸ்டினில் ஒரே ஒரு விழுகை. 420 புள்ளி. வெள்ளி சனி பயிற்சிகளில் நாலு தடவை உருண்டு, எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஞாயிறு அதற்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நின்று ஓட்டுவார். அதைவிடச் சீரான ஒரு சீசனை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருடம் முதல் ரேஸ், ஹெரெஸ். ஆரம்பத்திலேயே தடம் விலகி சரளைக்கல்லுக்குள் போய், விழாமல் எப்படியோ வெளியே வந்தார். கடைசி வரிசைகளிலிருந்து ஒவ்வொருவராக விழுங்கிக்கொண்டு மூன்றாமிடம் வரை வந்துவிட்டார். நான் பார்த்த அற்புதமான ஓட்டங்களில் ஒன்று. அங்கேயே நின்றிருந்தால் 16 புள்ளி. எதிரே வினாலெஸ், இரண்டாமிடம், அதற்கு 20. இடையில் இருந்தது நாலு புள்ளி. பின்சக்கரம் பிடியை விட்டுத் திரும்பப் பிடித்ததில் பைக் அவரைத் தூக்கி எறிந்தது, வலது மேல்கை எலும்பு முறிந்தது. நான்கு அறுவை சிகிச்சைகள். மறுபடி சாம்பியன் ஆனது 2025-ல், ஜப்பானின் மோட்டெகியில். அந்த நாலு புள்ளிக்கு அவர் கொடுத்த விலை ஐந்து சீசன்.

அவர் வீட்டிலிருந்த அந்த 2020-ல்தான் ஜோவான் மிர் சாம்பியன் ஆனார், 14 ரேஸில் ஒரே ஒரு வெற்றியோடு. அன்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன், மன்னிக்கவும். ஃபாபியோ குவார்ட்டராரோ அதே வருடம் 3 ரேஸ் ஜெயித்தார், முதல் இரண்டையும் தொடர்ந்து ஜெயித்தார், சீசன் முடிவில் எட்டாமிடம். மிர் ஏழு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்து போடியம் ஏறினார். ஒன்பது பேர் ஆளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வெற்றிகளைப் பங்குபோட்டுக்கொண்ட வருடத்தில் வெற்றிகளை எண்ணி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

ஆனால் எனக்கும் ஓர் எல்லை உண்டு. 1999-ல் 125சிசி பிரிவில் எமிலியோ அல்சமோரா ஒரு ரேஸ்கூட ஜெயிக்காமல் உலக சாம்பியன் ஆனார். 227 புள்ளி. 5 ரேஸ் ஜெயித்த மார்கோ மெலாண்ட்ரிக்கு 226. விதிப்படி பட்டம் அவருடையது, யாரும் பிடுங்க முடியாது. ஆனால் மனசு ஒட்டமாட்டேன் என்கிறது. ஜெயிக்கத் தெரிந்தவன் ஒருநாள் இரண்டாமிடத்தை ஏற்றுக்கொள்வது வேறு. வருடம் முழுக்க முதலிடத்தையே தொடாமல் இருப்பது வேறு. ஒரு வெற்றியாவது வேண்டும் ஐயா, ஒன்றே ஒன்று.

விதியும் வெற்றியை முழுசாகக் கைவிடவில்லை. புள்ளிகள் சமமானால் அதிகம் ஜெயித்தவருக்குத்தான் பட்டம். 1967-ல் 500சிசி பிரிவில் அகோஸ்டினிக்கும் ஹெய்ல்வுட்டுக்கும் ஆளுக்கு 46 புள்ளி, ஆளுக்கு 5 வெற்றி. கடைசியில் இரண்டாமிடங்களை எண்ணி அகோஸ்டினிக்குக் கொடுத்தார்கள். ஹெய்ல்வுட் ரசிகர்கள் இன்றும் இதை ஆறவிடுவதில்லை.

இந்த விதியை வைத்து 2006-ஐ ஒருமுறை பாருங்கள், மயிர் கூச்செறியும். கடைசிக்கு முந்தின ரேஸ், எஸ்டோரில். புள்ளிகளில் முன்னால் இருந்த நிக்கி ஹேடனை அவருடைய அணிக்காரரே, அதுவும் அறிமுக வருடத்தில் இருந்த டேனி பெட்ரோசா, உள்பக்கம் நுழையப்போய் இடித்துத் தள்ளினார். இருவரும் சரளைக்கல்லில். ஹேடன் எழுந்து நின்று ஹெல்மெட்டுக்குள் கத்தியது கேட்காவிட்டாலும் கைகளைப் பார்த்தாலே புரிந்தது. அதே ரேஸில், பட்டத்துக்கு ஹேடனோடு மோதிக்கொண்டிருந்த வலென்டினோ ரோஸி ஜெயிக்கப் போகும் நேரத்தில் டோனி எலியாஸ் கோட்டில் முந்தினார். வித்தியாசம் 0.002 நொடி. ரோஸிக்கு 25 போய் 20 வந்தது. கடைசி ரேஸ் வலென்சியாவில் ரோஸி விழுந்து எழுந்து 13-ஆவதாக வந்தார், ஹேடன் மூன்றாவது. ஹேடன் 252, ரோஸி 247. அந்த 0.002 நொடி மாறியிருந்தால் இருவருக்கும் 252. வெற்றிக் கணக்கில் ரோஸி சாம்பியன். ஹேடன் அந்த வருடம் ஜெயித்தது 2 ரேஸ், ரோஸி 5. ஹேடன் பட்டத்துக்குத் தகுதியில்லை என்று சொல்பவர்கள், கண்ணீரோடு கொடியைப் பிடித்துக்கொண்டு அவர் சுற்றி வந்த அந்த ஒரு லேப்பைப் பார்க்கட்டும்.

எஸ்டோரிலில் இடித்த அந்தப் பையன் பெட்ரோசாதான் என் கணக்கில் இன்றும் இடிக்கிறார். 2012-ல் அவர் 7 ரேஸ் ஜெயித்தார், லொரென்சோ 6. ரேஸை முடித்த நாளெல்லாம் லொரென்சோ முதலிடம், இல்லையென்றால் இரண்டாமிடம். என் புதுக் கட்சிப்படி லொரென்சோதான் சரியான சாம்பியன், கேள்வியே இல்லை. ஆனால் மிசானோவில் பெட்ரோசா என்ன தப்புச் செய்தார்? முதல் இடத்திலிருந்து புறப்பட வேண்டியவர். இன்னொரு பைக் நின்றுபோனதால் புறப்பாடு நிறுத்தப்பட்டது. மறுபடி புறப்படும் நேரத்தில் அவருடைய முன்சக்கரத்தின் டயர் சூடாக்கும் உறை கழலாமல் மாட்டிக்கொண்டது. மெக்கானிக்குகள் பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கடைசி வரிசையில் போய் நின்று புறப்பட்டவரை முதல் லேப்பிலேயே ஒருவர் பின்னாலிருந்து இடித்துத் தள்ளிவிட்டார். சீசன் முடிவில் வித்தியாசம் 18 புள்ளி. மோட்டோஜிபி என்ற பெரிய பிரிவில் 31 ரேஸ் ஜெயித்தவர், அந்தப் பிரிவில் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் ஓய்வு பெற்றார்.

குழுவில் யாராவது பெட்ரோசா பெயரை எடுத்தால் மட்டும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.