நாசிக்குக்கு ஒயின் பார்க்கப் போன கதி

மும்பையிலிருந்து கசாரா கணவாய் ஏறி, லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் ஊர்ந்து நாசிக் போவது எதற்கு? செனின் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயின் திராட்சை எப்படி விளைகிறது, பழம் எப்படி ஒயினாகிறது என்று பார்க்கத்தானே? சனிக்கிழமை அங்கே ஒயின் தோட்டத்துக்குப் போனால் பார்க்கிங்குக்கே வரிசை. சுற்றிக்காட்டுபவர் எஃகுத் தொட்டியைக் கைகாட்டிவிட்டு ஓடுகிறார். புளிக்க எத்தனை நாள் என்று கேட்டால், "அடுத்த பேட்ச் காத்திருக்கு சார்!" ருசி பார்க்க ஆளுக்கு ஒரு மடக்கு. அதை வாயில் வைப்பதற்குள் டிஜே அலறல். அக்டோபர் வாக்கில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்களே, அந்த உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? செல்ஃபிக்காகக் கொடியைப் பிடித்து இழுக்கிறார்கள், தடுக்க ஆளில்லை. எல்லாவற்றையும்விட வயிறு எரிவது சாயங்காலம்தான். குடித்துவிட்டு அதே கணவாயில் காரை இறக்குகிறார்கள். எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்?